வெளிப்பூச்சு

எங்கள் ஊரில் ஒருவன் அத்திவாரம் வெட்டினால் "எந்த மகளுக்கு?" என்றுதான் கேட்பார்கள். தனக்காகவும் ஒரு மனிதன் வீடு கட்டக்கூடும் என்ற எண்ணம் கிண்ணியாவில் எவருக்கும் இலேசில் வருவதில்லை. திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது கிழக்கு மாகாண முஸ்லிம்களின் வழக்கம். காயல்பட்டினத்து வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளை பிறந்த அன்றே தகப்பனின் கணக்குக் கொப்பியில் முதல் புளொக் கல் ஏறிவிடுகிறது.

எனக்கு இரண்டு பெண் மக்கள். மூத்தவளுக்கு நாங்கள் இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் தகரம் போட்ட இரண்டு அறைகளுக்கு நானும் மனைவியும் மாறிக்கொண்டோம். முப்பத்திரண்டு வருடம் சோக்கட்டி பிடித்ததற்குக் கிடைத்த பணிக்கொடை, பக்கத்து வளவில் இளையவளுக்கான வீடாக எழும்பத் தொடங்கியது. இது அந்த வீட்டின் கதை. வீட்டின் கதை என்பதைவிட அதன் வெளிச்சுவரின் கதை என்பதே சரி.

2020இல் அத்திவாரம் போட்டோம். கொரோனா வந்து ஒரு வருடத்தை விழுங்கியது. 2021இல் சுவர் எழும்பிக்கொண்டிருக்கும்போது, ஒக்டோபர் மாதம் சீமெந்தின் கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்டது. அதுவரை ஆயிரம் ரூபாவை அண்டி நின்ற 50 கிலோ பை, 2022இன் நடுப்பகுதியில் மூவாயிரத்தை எட்டியது. சீமெந்து எங்களுக்குத் தூரத்துச் சாமான் அல்ல. திருகோணமலைத் துறைமுகத்தின் உள்குடாவில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை 1980களிலிருந்து இயங்கி வருகிறது. கப்பலில் வந்திறங்கும் கிளிங்கரை அங்கேதான் அரைக்கிறார்கள். ஆனால் கிளிங்கர் டொலரில் வருகிறது, பணிக்கொடை ரூபாவில் வருகிறது. அக்கரையில் அரைபட்ட தூள் இக்கரையில் இருந்தவனுக்கு எட்டவில்லை. சுவர் லிண்டல் மட்டத்தோடு நின்றது. அதன்மேல் ஒரு வாடை மழை முழுதாகப் பெய்து தீர்ந்தது.

2023இல் கூரை போட்டு, உள்சுவர் பூசி, நிலம் இழுத்தோம். அந்த வருடக் கடைசியில் சம்பந்தம் பேசி முடிந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று நாளும் குறித்தாயிற்று. கையில் மிஞ்சியிருந்தது இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் ரூபா. மிஞ்சியிருந்த வேலை வெளிப்பக்கம்.

வீட்டு வேலையில் வெளிப்பக்கம் எப்போதும் கடைசியாகத்தான் வரும். கூரை இல்லாமல் படுக்க முடியாது, கதவு இல்லாமல் உறங்க முடியாது, மலசலகூடம் இல்லாமல் ஒரு நாளும் கழியாது. வெளிச்சுவர் பூசாமல் ஒரு வாழ்நாளையே கழித்துவிடலாம். கிண்ணியாவின் உள்வீதிகளில் நடந்தால் முன்பக்கம் வர்ணமும் பக்கச்சுவர்கள் வெறும் புளொக் கல்லுமாக நிற்கும் வீடுகளை வரிசையாகக் காணலாம். எங்கள் மேசன் இதற்கு ஒரு வாசகம் வைத்திருந்தார்: "முன்சுவர் மாப்பிள்ளைக்கு, பக்கச்சுவர் மாமனாருக்கு சேர்." அவர் என்னிடம் படித்தவர். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் என்னை அழவைத்தவர். இப்போது ஒரு லோட் மண்ணைக் கண்ணால் பார்த்தே எத்தனை கன அடி குறைகிறது என்று சொல்லிவிடுவார்.

பூசாத பக்கச்சுவருக்கு எங்கள் ஊரில் இன்னொரு வரலாறும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது எங்கள் பழைய வீட்டில் எஞ்சியது கிணற்றுக் கட்டும் படிக்கட்டும்தான். முற்றாக அழிந்த வீட்டுக்கு அரசாங்கம் இரண்டரை இலட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாகத் தந்தது. பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு ஒரு இலட்சம். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றொரு தடை வேறு ஆரம்பத்தில் இருந்தது. எங்கள் வளவு அதற்குச் சற்று அப்பால் இருந்தபடியால் தப்பினோம். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வீடு கட்டியதால் மண்ணுக்கும் மேசனுக்கும் கூலி ஏறிப்போனது. இரண்டரை இலட்சம் கூரையோடு முடிந்தது. உள்ளே பூசி, முன்பக்கம் பூசி, "மற்றப் பக்கங்களை அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று குடிபுகுந்தோம். அந்த அடுத்த வருடம் இன்னும் வரவில்லை. மூத்தவளுக்குக் கொடுத்த அந்த வீட்டின் மேற்குச் சுவர் இன்றும் வெறும் புளொக் கல்லாகவே நிற்கிறது. கல்லின் இடுக்குகளில் குளவி கூடு கட்டியிருக்கிறது.

என் மனைவி பக்கத்தில் இதைவிடக் கனமான கதை ஒன்று இருக்கிறது. அவளுடைய ராத்தா மூதூரில் வாழ்க்கைப்பட்டவர். மச்சான் வெளிநாட்டில் உழைத்த காசில், 2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் வீட்டின் நான்கு பக்கமும் பூசி, இளம் பச்சை அடித்து முடித்தார்கள். ஓகஸ்ட் மாத ஆரம்பத்தில் மூதூரில் சண்டை மூண்டது. ஊரே எழும்பிக் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. ராத்தா கையில் எடுத்துப் போனது ஒரு பிளாஸ்டிக் பையும் கடைசிப் பிள்ளையும். சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது கிழக்குச் சுவரில் ஷெல் சிதறல் பட்ட பதினாறு ஓட்டைகள் இருந்தன. எண்ணியது மச்சான். அவற்றை அவர் கடைசிவரை அடைக்கவில்லை. அதற்குப் பிறகு மனைவியின் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டாகிவிட்டது: நாலு பக்கமும் பூசி முடித்தால் ஊரை விட்டு எழும்ப வேண்டி வரும். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். இருந்தாலும் மனைவியின் தம்பி, தங்கச்சி ஒருவருடைய வீட்டிலும் நாலாவது சுவர் பூசப்படவில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். இது மார்க்கத்தில் இல்லாத சகுனம் என்று நான் சொல்லப்போக, "மார்க்கத்தில் இல்லாட்டி என்ன, மூதூரில் இருந்ததே" என்று அவள் திருப்பித் தந்தாள்.

ஆகவே, வெளிச்சுவருக்கு என்ன பூசுவது என்ற கேள்வி எங்கள் வீட்டில் வெறும் காசுக் கேள்வியாக வரவில்லை. ஆனால் காசுக் கணக்கில்தான் தொடங்க வேண்டியிருந்தது.

வீடு எழுநூறு சதுர அடி. சுற்றளவு நூற்றாறு அடி. கதவு, சன்னல் கழித்தால் வெளிச்சுவர் ஏறக்குறைய தொள்ளாயிரம் சதுர அடி வரும். மேசன்மார் நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்பார்கள். ஒன்பது சதுரம். அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய கனத்தில் பூசினால் ஒரு சதுரத்துக்கு ஒரு பை சீமெந்து போதும். சிந்துவதையும் சேர்த்துப் பதினொரு பை. மண் முக்கால் கியூப்புக்குள் முடியும். கூலி, சாரக்கட்டு எல்லாமாக ஒரு இலட்சத்து இருபதாயிரம். இது வெறும் பூச்சு மட்டும். இதற்குமேல் என்ன என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது.

கட்டாரில் இருக்கும் மகன் தொலைபேசியில் படம் அனுப்பினான். முன்சுவர் முழுவதும் கருங்கல் போலத் தோன்றும் டைல்ஸ், தூண்களுக்கும் அதே. முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல் கேட்டார்கள். அதைச் செய்தால் பக்கச்சுவர்கள் பூசக் காசில்லை. "பக்கம் ஆரு பாக்கிற வாப்பா?" என்றான். இரண்டாவது வழி, பூசிய சுவருக்கு சீலர் ஒன்றும் வெளிப்புறப் பெயின்ட் இரண்டு கோட்டும். ஒரு லீற்றர் பெயின்ட் நல்ல வழுவழுப்பான சுவரிலேயே ஒரு கோட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீற்றர்தான் போகும். எங்கள் சுவருக்குப் பதினேழு லீற்றர். பெயின்ட்காரர் கூலியோடு தொண்ணூறாயிரம். கையிலிருந்த காசு ஏறக்குறைய வழித்துத் துடைத்தாற்போல் முடியும். மூன்றாவது வழியை நான்தான் சொன்னேன். சுண்ணாம்பு.

எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சுண்ணாம்பைச் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மூத்தவள் வீட்டு முன்சுவருக்கு 2010இல் நல்ல விலை கொடுத்து வெளிப்புறப் பெயின்ட் அடித்தேன். இரண்டு வாடை மழை தாண்டவில்லை, முழங்கால் உயரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் கிள்ளினால் தோல் போல உரிந்து, உள்ளே வெள்ளைப் பஞ்சாக உப்புப் பூத்திருந்தது. கடைக்காரரைக் குற்றம் சொன்னேன், பெயின்ட்காரரைக் குற்றம் சொன்னேன். பிழை இருவரிலும் இல்லை. கடல் வந்துபோன மண் அது. நாங்கள் சுனாமிக்குப் பின்னான அவசரத்தில் கிடைத்த மண்ணைக் குழைத்துக் கட்டியவர்கள். அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தார் பூசவேண்டும் என்பதும் அந்த அவசரத்தில் விடுபட்டது. உப்புக் கரைந்த ஈரம் சுவருக்குள் ஏறி வெளியே வரப் பார்க்கும். ஈரம் காற்றோடு போய்விடும், உப்பு போக இடமின்றி மணியாகி விரியும். மேலே பிளாஸ்டிக் தோல் ஒன்று மூடியிருந்தால் அந்தத் தோலைத் தள்ளிக்கொண்டுதான் விரியும். சுண்ணாம்புக்குத் தோல் கிடையாது. ஈரம் அதனூடாக வெளியேறும். உப்புப் பூத்தால் தும்புத்தடியால் தட்டிவிட்டு மறுவருடம் இன்னொரு கோட் அடிக்கலாம். சுண்ணாம்புச் சுவரும் உதிரத்தான் செய்யும். ஆனால் கொஞ்சங் கொஞ்சமாக, நம்மோடு ஒத்துப்போய் உதிரும்.

மூத்தம்மாவின் வீடு அப்படித்தான் இருந்தது. களிமண் சுவர், மேலே சுண்ணாம்பு. நோன்பு இருபது கழிந்ததும் பரலில் ஊறிய சுண்ணாம்போடு கஞ்சித் தண்ணீரையும் ஒரு துளி நீலத்தையும் கலந்து, தாழம் விழுதை நசுக்கிக் கட்டிய தூரிகையால் அடிப்பார்கள். சிறுவர்களாகிய எங்களுக்குச் சுவரின் அடிப்பாகம் ஒதுக்கப்படும். பெருநாளன்று புது உடுப்போடு அந்தச் சுவரில் சாயக்கூடாது. சாய்ந்தவனின் முதுகே சாட்சி சொல்லிவிடும்.

அந்தக் காலத்துச் சுண்ணாம்பு சிப்பியைச் சுட்டது. தம்பலகாமக் குடா சிப்பிக்குப் பேர்போனது. சன்னல் கண்ணாடி போல மெல்லிய, தட்டையான ஒருவகைச் சிப்பி அங்கே விளைந்தது. அதன் முத்துக்காகவே பிரித்தானியர் காலத்தில் குடாவைக் குத்தகைக்கு விட்டார்கள். ஜேம்ஸ் ஹோர்னல் என்ற கடலியல் அறிஞர் அந்த முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு அறிக்கையே எழுதியிருக்கிறார். கோவாவின் போர்த்துக்கேயர் கால வீடுகளில் கண்ணாடிக்குப் பதில் சன்னலில் பதித்ததும் இந்த இனச் சிப்பிதான். அந்தச் சின்ன முத்துக்களைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடு மென்ற செல்வந்தர்களும் இந்தியாவில் இருந்தார்கள். நாம் சுவரில் பூசுவதற்கே கணக்குப் பார்க்கிறோம்!

தென்பகுதிக் கரையோரத்தில் முருகைக்கல்லைச் சுட்டார்கள். கடலின் அரணையே உடைத்துச் சூளையில் போடும் அந்த வேலையை 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988 திருத்தமும் தடுத்தன. தடுத்தது நல்லதே. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்து சமுத்திரத்தைச் சுற்றி முஸ்லிம் வணிகர்கள் குடியேறிய பழைய துறைமுக நகரங்கள் சில முருகைக்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுந்தவை. சான்சிபாரின் கல்நகரமும் கென்யாவின் லாமுவும் இன்றைக்கும் அப்படியே நின்று உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. உப்புக் காற்றில் ஒரு சுவரை எப்படி வைத்திருப்பது என்பது எங்கள் மூத்தம்மாமார்களுக்கும் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. இடையில் வந்த நாங்கள்தான் மறந்துவிட்டோம். அதற்குப் பெயின்ட் கொம்பனிகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு நோன்புக்கும் தூரிகை பிடிக்க எங்களுக்கு அலுப்பு.

இவ்வளவையும் நான் ஒரு சிறு பிரசங்கமாக வீட்டில் சொல்லி முடித்தேன். இளையவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சுண்ணாம்பு அடிச்சா பள்ளிக்கூடம் மாதிரி இரிக்கும் வாப்பா" என்றாள். நான் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் அடுத்ததையும் சொன்னாள்: "ராத்தாட வீட்டு மேற்குப் பக்கம் இன்னும் கல்லாத்தான் இரிக்கி. எனக்கும் அப்பிடித்தானா?"

அதற்கு என்னிடம் பிரசங்கம் இருக்கவில்லை.

அவள் கேட்டது டைல்ஸ் அல்ல. நாலு பக்கம். ராத்தா பதினெட்டு வருடமாக அந்த மேற்குச் சுவரோரமாக உடுப்புக் கொடி கட்டுவதை, விருந்தாளி வந்தால் அந்தப் பக்கம் போகாதபடி பேச்சை முன்விறாந்தையிலேயே வைத்துக்கொள்வதை இவள் பார்த்து வளர்ந்திருக்கிறாள். எனக்கு அது ஒரு பூசாத சுவர். மூத்தவளுக்கு அது எப்படியிருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் மாமி ஒருவர் மாசி மாதம் வீடு பார்க்க வந்தார். உள்ளே குசினி, அலுமாரி எல்லாம் பார்த்துவிட்டு வாசலில் நின்று, "முன்னுக்கு டைல்ஸ் ஒட்டுறல்லியா?" என்று கேட்டார். கேட்டது பிழையில்லை. எங்கள் ஊரில் வெளிச்சுவர்தான் முதலில் பேசும். கைக்கூலியை 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்கிறது. வீட்டு முகப்பை எழுதும் புத்தகம் எதுவும் இல்லை. அது வருகிறவர்களின் கண்ணில்தான் பதிவாகிறது. நான் "சுண்ணாம்பு அடிக்கப் போறம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாலு பக்கமும் பூசுவது, சுண்ணாம்பு அடிப்பது என்று முடிவாயிற்று. டைல்ஸுக்கும் பெயின்ட்டுக்கும் போகாத காசில் வேறொன்று செய்தோம். கூரைச் சரிவை மேற்கிலும் வடக்கிலும் ஒன்றரை அடி வெளியே நீட்டினோம். இதைச் சொன்னவர் மேசன். சுவரைக் காப்பது பெயின்ட் அல்ல, கூரையின் இறவாரம் என்பது அவருடைய கட்சி. திருகோணமலைக்கு வருடத்தில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாடைக் காற்றோடு சாய்ந்து அடிக்கும். தலையில் குடை இருந்தால் சட்டை குறைவாகத்தான் நனையும். புதுப்பாணி வீடுகளில் இறவாரத்தை வெட்டிவிட்டு, நனைந்த சுவருக்கு மருந்து தேடுகிறோம்.

பூச்சுக்கு வந்த மண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழும் ஆறு. ஆற்று மண்ணுக்கு எங்கள் பக்கம் குறைவில்லை என்று வெளியூரார் நினைப்பார்கள். அனுமதிப்பத்திரம், லொறிக் கூலி, இடைத்தரகு எல்லாம் சேர்ந்தால் அதுவும் பொன்தான். ஒருவர் விலை குறைத்துத் தந்தார். மண் வந்து கொட்டியதும் மேசன் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு துப்பிவிட்டு, "கடல் சேர்" என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். மீன் கழுவிய தண்ணீர் போல ஒரு கரிப்பு. ஆற்று மண்ணோடு கரை மண்ணைக் கலந்திருக்கிறார்கள். அந்த லோடை அப்படியே திருப்பி அனுப்பினோம். அதற்காக லொறிக்காரரோடு பட்ட வாக்குவாதத்தில் ஒரு பகல் போனது. மூத்தவள் வீட்டுச் சுவரைக் கட்டியபோது எவரும் மண்ணை நாக்கில் வைக்கவில்லை என்ற நினைப்புத்தான் அன்று முழுவதும் எனக்கு.

அடுத்த மண் நன்றாக இருந்தது. ஒரு போத்தலில் பாதி மண்ணும் பாதித் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தார். காலையில் மேலே படிந்த களிப்படலம் நகக்கனம்கூட இல்லை. கலவை ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, ஆறு பங்கு மண். அவருடைய வாப்பா மர்ஹூம் வைத்த கணக்கு இது என்றார். சீமெந்தைக் கூட்டினால் சுவர் பலமாகும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் கூடின சீமெந்து காயும்போது சுருங்கி மயிரிழையாக வெடிக்கும், மழை அந்த இழையால் உள்ளே போகும், பிறகு வெளியே வர வழி தெரியாது. சுண்ணாம்பு கலந்த சாந்து கொஞ்சம் இளகிக் கொடுக்கும். சீமெந்துப் பால் தடவி வழுவழுப்பாக்கவும் அவர் விடவில்லை. மரத்தட்டால் தேய்த்துச் சொரசொரப்பாகவே விட்டார். சுண்ணாம்பு பிடிக்க அதுதான் வசதி. கிணற்று நீர் இன்னும் கரிப்பதால் குழாய் நீரில்தான் குழைத்தோம்.

நோன்புக்கு முன் பூசி முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தியதற்குக் காரணம் நோன்பு மட்டுமல்ல. மே மாதத்தில் கச்சான் காற்றுத் தொடங்கிவிடும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு எங்களிடம் வரும் அந்தக் காற்று, ஈரச்சுவரிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் இல்லாமல் சீமெந்து இறுகாது. வெறுமனே காயும். ஏழு நாளும் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மேற்குச் சுவருக்கு மட்டும் நனைந்த சாக்குத் தொங்கவிட்டேன்.

சுண்ணாம்பு இந்தக் காலத்தில் மாத்தளை, கண்டிப் பக்கமிருந்து வருகிறது. டொலமைட் கல்லைச் சுட்டது. அது மெதுவாகத்தான் நீறும். அவசரப்பட்டுப் பூசினால் சுவரில் போனபிறகு பொரிந்து வெடிக்கும். நோன்பு முழுவதும் பரலில் ஊறவிட்டோம். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டு வந்து ஒரு தடியால் கலக்கிவிடுவேன். பெருநாள் கழிந்து மூன்று கோட் அடித்தோம். அடிக்கும்போது அது தண்ணீர்ப் பால்போலத்தான் இருக்கும். சுவரே தெரியும். "இதுக்குத்தானா இவ்வளவும்?" என்று மனைவி கேட்டாள். காயக் காய, காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகி வெளுக்கும். மூன்றாவது நாள் விடிய எழும்பி வெளியே போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தால், நாலாவது சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூதூரிலிருக்கும் ராத்தாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

முன்விறாந்தையின் இரண்டு தூண்களுக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டினோம். மகன் விடவில்லை. அந்தக் காசை அவனே அனுப்பினான். அந்தத் தூண்கள் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவற்றைத்தான் பாராட்டுகிறார்கள்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். 2024 நவம்பர் இறுதியில் வாடை மழை அடைத்துக்கொண்டு பெய்தது. நாலைந்து நாள் சூரியன் இல்லை. வளவுக்குள் தண்ணீர் நின்றது. மழை விட்டதும் நான் முதலில் போய்ப் பார்த்தது மேற்குச் சுவரை. நனைந்து சாம்பல் நிறமாகி நின்றது. இரண்டு வெயிலில் மறுபடி வெளுத்தது. வடக்கு மூலையில் ஒரு முழ நீளத்துக்கு உப்புப் பூத்திருந்தது. தும்புத்தடியால் தட்டினேன், போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மருமகன் ஜும்ஆவுக்குப் புறப்பட்டுக் கருநீலச் சேட்டோடு வந்து, செருப்பு மாட்டும்போது சுவரில் தோளைச் சாய்த்துவிட்டார். தோள்பட்டை முழுக்க வெள்ளை. தட்டத் தட்ட அது பரவியது.

"இது ஒவ்வொரு வருஷமும் அடிக்கோணுமா மாமா?"

"ஓம்."

"அப்ப அடுத்த நோன்புக்கு ஆரு அடிக்கிற?"

நான் பரலைக் காட்டினேன். அவர் அதையும் தன் சேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேட்டை மாற்றிக்கொண்டு வர உள்ளே போனார்.